கூத்தனள்ளிக்குக் கொடுத்த நிறம்

செவ்வந்தியின் முன்பல்லில் வைத்த வெள்ளைப் பசை, டாக்டர் ஹரிணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறியது. முதலில் பால் டீ நிறம், பிறகு கடுங்காப்பி நிறம்.

"என்னாங்க டாக்டரம்மா, வெள்ளையாகும்னு சொன்னீங்க?" செவ்வந்தி கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேனா?"

பசையைத் திட்டிப் பயனில்லை. அதற்கு இட்ட வேலையை அது ஒழுங்காகத்தான் செய்தது. ஹரிணி படித்த காலத்தில் பல் அடைப்பதென்றால் முதல் வேலை நிறம் பார்ப்பது. மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த ஒரு பலகையை எடுத்துக்கொண்டு நோயாளியை ஜன்னலோரம் உட்கார வைப்பார்கள். உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு மாதிரியாகப் பல்லோடு பல் வைத்துப் பார்ப்பார்கள். பல் காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும், காய்ந்த பல் வெளுப்பாகத் தெரிந்து ஆளை ஏமாற்றிவிடும். இவ்வளவு செய்தும் வீட்டுக்குப் போனபின் "ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு டாக்டர்" என்று ஃபோன் வரும்.

அந்தத் தலைவலிக்கெல்லாம் முடிவு கட்டத்தான் இந்தப் புதுப் பசை வந்தது. பல்லில் அப்பி வெள்ளை விளக்கைப் போட்டால், மிக அருகில் இருக்கும் பல் எதுவோ அதைப் பார்த்து அதன் நிறத்தை வாங்கிக்கொள்ளும். நீல விளக்கைக் காட்டினால் அந்த நிறத்திலேயே இறுகிவிடும். புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால்கூட எது பல், எது பசை என்று சொல்ல முடியாது. பல் டாக்டர்கள் தங்களுக்குள் அதைப் பச்சோந்தி என்று கூப்பிட்டார்கள்.

கூத்தனள்ளியில் மட்டும் பச்சோந்தியின் பாச்சா பலிக்கவில்லை. தர்மபுரிப் பக்கத்துக் கரட்டு ஊர் அது. ஆழ்துளைக் கிணற்றில் வருவதெல்லாம் ஃப்ளோரைடு தண்ணீர். பிறந்ததிலிருந்து அதைக் குடித்த பிள்ளைகளுக்கு முளைக்கும்போதே பல் பழுப்பு. அந்த ஊரில் யார் வாயிலும் பசை பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு வெள்ளைப் பல் கிடையாது. பஸ்ஸில் ஒருத்தி வாய் திறந்து டிக்கெட் கேட்டால் போதும், "கூத்தனள்ளியா?" என்பார் கண்டக்டர். செவ்வந்திக்கு அது கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சரியான சில்லறையை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு பயணம் செய்யப் பழகியிருந்தாள்.

"இரு, இன்னொரு தடவை பார்ப்போம்" என்றாள் ஹரிணி. பழுப்பான பசையை வழித்துப் போட்டுவிட்டு, பக்கத்துப் பற்களைப் பஞ்சால் மறைத்துப் புதிதாக அப்பினாள். வெள்ளை விளக்கைப் போட்டதும் முகமூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, செவ்வந்தியின் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு, ஈ என்று தன் பற்களைக் காட்டினாள்.

அவளுடைய பற்கள் அப்படிப்பட்டவை. கல்லூரியில் பேராசிரியர் பாடம் நடத்த அவளைத்தான் எழுப்பி நிறுத்துவார். பசை கொஞ்ச நேரம் யோசித்தது போலிருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல வெளுத்து, ஹரிணியின் நிறத்துக்கு வந்து நின்றது. நீல விளக்கு. முடிந்தது வேலை.

முன்பற்கள் எல்லாம் முடிந்தபின் செவ்வந்தி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். "ஐயோ, இது நானாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஹரிணிக்கும் கண் கலங்கிவிட்டது. அதில் பொய் இல்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? கூத்தனள்ளியின் இளசுகள் அத்தனை பேரும் படையெடுத்தார்கள். ஹரிணி ஒருத்தரிடமும் காசு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே போனாள். ஒவ்வொரு கன்னமாக ஒட்டி ஒட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நிலைப்பல் முழுசாக முளைக்காத வாண்டுகளை மட்டும் "பெரிசானதும் வாங்க" என்று அனுப்பிவிட்டாள். சென்னையில் ஒரு மாநாட்டில் 'ஒரு கிராமம் சிரிக்கிறது' என்று படம் காட்டிப் பேசினாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

ஹரிணி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வந்திக்குத் தர்மபுரியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. அங்கே சரக்குப் போட வந்த ஈரோட்டுப் பையன் வினோத், "உங்க சிரிப்புக்காகவே இந்தக் கடைக்கு மட்டும் நானே நேர்ல வர்றேங்க" என்றான். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் தீர்த்தகிரி கடைவாய்ப் பல் வலியோடு ஹரிணியிடம் வந்தார். குடிநீர்த் துறையில் பொறியாளர். வலி குறைந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"கூத்தனள்ளிக்கு நீங்க போய்ட்டு வர்றீங்களாமே மேடம். அந்த ஊரு அதிர்ஷ்டக்கார ஊருங்க. எப்படியோ தானா சரியாயிடுச்சு. அவங்களுக்கு ஒதுக்கியிருந்த ஆத்துத் தண்ணிக் குழாய வேற ஊருக்குத் திருப்பிட்டோம்."

ஹரிணியின் கை நின்றது. "தானா சரியாயிடுச்சா? யார் சொன்னது?"

"பெட்டி சொல்லுது. பள்ளிக்கூடத்துல, ரேஷன் கடையில எல்லாம் ஒரு கேமரா பெட்டி மாட்டியிருக்குதுல்ல, பிள்ளைங்க பல்லக் காட்டிட்டுப் போகுமே? அது ஊரூரா எத்தனை பேருக்குக் கறை, எவ்வளவு கறைன்னு கணக்குப் போடும். வாண்டுங்களையும் வயசானவங்களையும் கணக்குல சேர்க்காது. யாருக்கு மோசமோ அவங்களுக்கு முதல்ல குழாய். போன வருஷம் கூத்தனள்ளிதான் முதல் இடம். இந்த வருஷம் பார்த்தா எல்லாரும் முத்துப் பல்லு."

"தண்ணிய சோதிச்சுப் பார்க்க மாட்டீங்களா?"

தீர்த்தகிரி சிரித்தார். "முன்ன அதானே செஞ்சோம். ஆளாளுக்கு மோசமான கிணத்துலருந்து ஒரு பாட்டில் மொண்டாந்து எங்க ஊரு தண்ணின்னு குடுத்துட்டாங்க. தண்ணிய மாத்தலாம், பல்ல மாத்த முடியுமான்னுதான் இந்தத் திட்டத்தையே கொண்டாந்தாங்க."

ஹரிணி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றாள். "அது என் பல்லு சார். அங்க எல்லார் வாயிலயும் இருக்கறது என் பல்லோட நிறம். உள்ள கறை அப்படியேதான் இருக்கு. தண்ணியும் அதே தண்ணிதான்."

தீர்த்தகிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார்.

"நான் எழுதித் தர்றேன். வந்து சாட்சி சொல்றேன்."

"உங்க சாட்சிய வச்சு நான் என்ன பண்ண? பெட்டிக்குப் பல்லு வேணும். வர்ற திங்கக்கிழமை மறுபார்வை ஒண்ணு இருக்குது. விட்டுப்போன ஊருங்களுக்காக. அன்னிக்குக் கறை தெரிஞ்சா பட்டியல்ல ஏறும். இல்லாட்டி குழாய் அடுத்த முறைதான். அதுக்குப் பல வருஷம் ஆகும்."

பல வருஷம். அதற்குள் பல் மட்டுமா போகும்? அந்தத் தண்ணீர் எலும்பிலும் இறங்கும், முட்டி வளையும், இடுப்பு நிமிராது. இது ஹரிணிக்குத் தெரியாததா? முதல் வருஷப் பாடம். ஆனால் வாய்க்கு வெளியே என்ன நடக்கிறதென்று அவள் அந்த ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்த்ததில்லை.

அன்று மாலையே கூத்தனள்ளிக்குப் போனாள். செவ்வந்தியின் வீட்டு வாசலில் அவளுடைய அண்ணி கோமதி தன் மகள் தன்ஷிகாவின் கால்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. புதிதாக முளைத்த முன்பற்கள் இரண்டும் கறையோடுதான் முளைத்திருந்தன.

"சாயந்திரமானா முட்டி வலிக்குதுன்னு அழுவுறாளுங்க" என்றாள் கோமதி. "குழாய் வந்துட்டா சரியாயிடும்னு நர்ஸம்மா சொல்லிச்சு. எப்ப வருமோ!"

ஹரிணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பசை, பெட்டி, குழாய் திரும்பிப்போனது, திங்கட்கிழமை. சொல்லச் சொல்லத் தெருவே கூடிவிட்டது.

"அதுக்கு இப்ப என்ன செய்யோணும்ங்கறீங்க?" செவ்வந்தி கேட்டாள். கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"சிவப்பு விளக்குன்னு ஒண்ணு இருக்கு. அதக் காட்டினா பசை ஒரே ஒரு தடவை இளகும். பழைய நிறத்தை மறந்துட்டுப் புதுசா ஒண்ணை எடுத்துக்கும். மறுபடி பழுப்பாக்கிடலாம்."

"அப்புறம் எப்ப வெள்ளையாகும்?"

"ஆகாது. ரெண்டாவது தடவை இறுகினா இறுகினதுதான்."

கோமதி எழுந்து நின்றாள். "நல்லா இருக்குதுங்க நியாயம். ஊருக்கே வந்து வைங்கன்னு நாங்களா கேட்டோம்? நீங்களா குடுத்தீங்க, ஊரக் கூட்டிப் படம் புடிச்சீங்க. இப்ப நீங்களே புடுங்கிக்கறேங்கறீங்க. தை மாசம் கண்ணாலம் வச்சிருக்கற பொண்ணு வாயில பழுப்ப அப்பச் சொல்றீங்களே, நீங்க அப்பிக்குவீங்களா உங்க வாயில?"

அந்தக் கேள்விக்கு ஹரிணியின் மனசுக்குள் முதலில் வந்த பதில் 'ஐயோ, மாட்டேன்' என்பதுதான். அதை அவளே கேட்டுக் கூசிப்போனாள்.

செவ்வந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வினோத்தோடு பேசும் குரல் வெளியே கேட்டது. வார்த்தைகள் கேட்கவில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றாள் அண்ணியிடம். "எங்கம்மாவக் கேட்டுட்டுச் சொல்றேன்னாரு."

"அடப் பாவி!"

"விடு அண்ணி. தன்ஷு காலப் பாரு." ஹரிணியின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கே வாங்க. முதல்ல எனக்கு வைங்க. நான் வச்சுக்கிட்டா மத்தவங்க வருவாங்க."

மறுநாள் பள்ளிக்கூட வகுப்பறையில் நாற்காலியைப் போட்டாள் ஹரிணி. சிவப்பு விளக்கில் செவ்வந்தியின் பற்கள் நிறமிழந்து மெழுகு போல ஆயின. இப்போது அவற்றுக்கு ஒரு பழுப்புப் பல்லைக் காட்ட வேண்டும். முன்னால் இருப்பதெல்லாம் பசை மூடிய பற்கள். கடைவாயில், பசை படாத இடத்தில், செவ்வந்தியின் சொந்தக் கறை இருந்தது. ஒவ்வொருவர் கடைவாயிலும் அவரவர் கறை இருக்கும். சின்னக் கண்ணாடியை உள்ளே நுழைத்து, அந்தப் பல்லைப் பசைக்குக் காட்டலாம். ஆனால் கை நடுங்காமல் வெகுநேரம் பிடித்திருக்க வேண்டும். வெளியே வரிசை வாசல் தாண்டி நின்றது. திங்கட்கிழமைக்கு இடையே ஒரு ஞாயிறுதான் இருந்தது.

வாசலில் தன்ஷிகா எட்டிப் பார்த்தாள்.

"இங்க வாடா கண்ணு" என்றாள் ஹரிணி. "அத்தை கன்னத்துல கன்னம் வச்சு ஈன்னு சொல்லு பார்க்கலாம்."

தன்ஷிகாவுக்கு ஒரே குஷி. கிச்சுகிச்சு மூட்டியதுபோல நெளிந்துகொண்டே ஈ என்றாள். செவ்வந்தியின் பற்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாயின. நீல விளக்கு. அடுத்த ஆள். அன்று முழுக்கவும் மறுநாளும் அந்தக் குழந்தை ஒவ்வொரு கன்னமாக ஒட்டினாள். முட்டி வலித்தபோது ஸ்டூல் மேல் உட்கார்ந்து ஒட்டினாள். அண்ணன்மார், அக்காமார், வாத்தியார் மகன் என்று ஒருத்தர் பாக்கியில்லை.

"எல்லாருக்கும் என் பல்லு!" என்று பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டு ஓடினாள். "அம்மா, எல்லாரும் என்னாட்டமே இருக்காங்க!"

ஹரிணியும் சிரித்தாள். எப்படியோ தப்பைச் சரிசெய்துவிட்டோம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைத்தான் அப்புறம் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை பெட்டி பார்த்தது. செவ்வாய்க்கிழமை தீர்த்தகிரி நேரில் வந்தார். பல் வலி இல்லை, ஆனாலும் முகம் வாடியிருந்தது.

"தள்ளுபடி பண்ணிட்டாங்க மேடம். மோசடின்னு போட்டிருக்குது."

"மோசடியா? கறை தெரியலையா?"

"தெரியுது. ஆனா அத்தனை பேர் வாயிலயும் அச்சு அசல் ஒரே கறை. இயற்கையில ரெண்டு பேருக்கு ஒரே பல் நிறம் இருக்காதாமே? ஒருத்தன் எந்த வயசுல எந்தக் கிணத்துல குடிச்சான், எவ்வளவு குடிச்சான்னு ஆளுக்கு ஆள் மாறுமாம். பெட்டி இத ஒரே வாய்னு சொல்லுது. ஒரு குழந்தையோட பல்ல ஊரெல்லாம் ஒட்டிக்கிட்டு வந்திருக்காங்கன்னு சொல்லுது."

"முதல் தடவையும் ஒரே நிறம்தானே சார்! அத்தனை வாயிலயும் என் ஒருத்தி பல்லுதான் இருந்துச்சு. அப்ப ஏன் இந்தப் பெட்டி கண்டுபிடிக்கல?"

"நல்லா இருக்கேன்னு சொல்றவங்கள யாருங்க மேடம் சோதிக்கறாங்க? கஷ்டப்படறேன்னு வந்து நின்னாத்தான் சோதனையெல்லாம்."

இயற்கையில் இருவருக்கு ஒரே நிறம் இருக்காது. ஜன்னலோரம் மாதிரிப் பலகையோடு நின்ற காலத்தில் பேராசிரியர் சொல்லிக் கொடுத்த முதல் வாக்கியமே அதுதான். அவள் அதை ஒருமுறை ஆசையில் மறந்தாள், இன்னொரு முறை அவசரத்தில் மறந்தாள். இரண்டு தடவையும் கூத்தனள்ளிக்காரர்கள் எல்லோரையும் ஒரே ஆளாகத்தான் நினைத்திருக்கிறாள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தீர்த்தகிரி வேறு பக்கம் பார்த்தார்.

"வேற வழியே இல்லையா?"

"நான் மேலிடத்துல கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு பார்வை வாங்கியிருக்கேன். இந்த மாசக் கடைசியில. அன்னிக்கு அவங்கவங்க சொந்தப் பல்லு தெரியோணும். சொந்தப் பல்லு மட்டும்தான் தெரியோணும்."

பசை இனி இளகாது. கருவியால் தேய்த்து ராவித்தான் எடுக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களின் பல்லோ ஏற்கெனவே நொறுங்கல் பல். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் பசையோடு பல்லும் வந்துவிடும். போன பல் முளைக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பழுப்புப் பல்மேல் பழுப்புப் பசை. நூலிழை வித்தியாசம்தான், அது பெட்டிக்குத் தெரியும், ஹரிணியின் கண்ணுக்குத் தெரியாது. பசை எங்கே முடிகிறது, பல் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். பசை ராவினால் வலிக்காது. பல் ராவினால் வலிக்கும்.

"மரத்துப்போக ஊசி போட முடியாது" என்று செவ்வந்தியிடம் சொன்னாள். பள்ளிக்கூட வகுப்பறை, அதே நாற்காலி. தன்ஷிகாவை இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. கோமதி அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "ஊசி போட்டா எனக்குத் தெரியாமப் போயிடும். உன் பல்லையும் சேர்த்து ராவிடுவேன். வலிச்சதும் கையத் தூக்கு. நிறுத்திடறேன்."

"அப்ப ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தடவை வலிக்கோணும்."

"ஆமா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

செவ்வந்தி தலையாட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஈரோட்டிலிருந்து ஃபோன் வந்ததா என்று கேட்க ஹரிணிக்கு மனசு வரவில்லை. செவ்வந்தியாகவே சொன்னாள். "அவங்கம்மா இன்னும் யோசிக்கறாங்களாம். கடைக்காரங்களும் இனி வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க, கல்லாப்பெட்டி பக்கம் இப்படி ஆள் நின்னா நல்லா இருக்காதாம். நீங்க ஆரம்பிங்க."

ராவும் கருவி கிர்ரென்று சுழன்றது. பழுப்புத் தூள் தண்ணீரோடு கலந்து வழிந்தது. ஹரிணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நம்பாமல், மடியில் கிடந்த செவ்வந்தியின் கையையே பார்த்துக்கொண்டு ராவினாள். அந்தக் கை சும்மா கிடந்தது. திடீரென்று விரல்கள் விறைத்தன, கை விருட்டென்று மேலே எழுந்தது. உடம்பே நாற்காலியிலிருந்து எம்பியது. செவ்வந்தியின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. சத்தம் போடவில்லை.

ஹரிணி கருவியை நிறுத்தினாள். பசை போய், ஒரு பல் வெளியே தெரிந்தது. விளிம்பு சிதைந்து, சொரசொரவென்று, பழைய பழுப்பைவிட மோசமாக இருந்தது. வரிசை வாசல் தாண்டி, வேப்பமரம் தாண்டி நின்றது. உள்ளே நடந்ததை முன்னால் நின்றவர்கள் பார்த்திருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

"என்னை மன்னிச்சுடு செவ்வந்தி" என்றாள் ஹரிணி. அழுதுவிட்டாள். டாக்டர் நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

செவ்வந்தி எழுந்து, வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். முந்தானையால் உதட்டைத் துடைத்தாள்.

"அத இப்ப கேக்காதீங்க டாக்டரம்மா. தண்ணி வந்து, தன்ஷு கால் வளையாம நேரா நின்னா அன்னிக்குக் கேளுங்க. அன்னிக்கும் சொல்லுவேனான்னு எனக்கே தெரியல."

மறுபடி சாய்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஹரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பல்லில் கருவியை வைத்தாள், அந்தக் கை எப்போது எழும் என்று பார்த்துக்கொண்டே ராவத் தொடங்கினாள்.